புது பார்ட்ஸ் போட்டதும் கார் நின்றுபோவது ஏன்? பழைய எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரின் இக்னிஷன்... முழு விளக்கம்!

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார். சர்வீஸ் பண்ணும்போது, "எதற்கும் இருக்கட்டும்" என்று பிளக், பாயின்ட், கண்டன்சர், ரோட்டார், மூடி, வயர் என எல்லாவற்றையும் ஒரே நாளில் புதுசாக மாற்றியாச்சு. இரண்டு வாரம் கழித்து, சாவியைத் திருப்பி ஆஃப் செய்தது போல, ஓடும்போதே இன்ஜின் நின்றுவிட்டது. எல்லாமே புதுசு என்பதால், தப்பு எங்கே என்று தேடவும் வழியில்லை.

பிரிட்டனில் எம்ஜிபி என்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருப்பவர்கள் மத்தியில் இது பழகிப்போன கதை. 50 வயது தாண்டிய கார்களில் இக்னிஷன் பாகங்களை மாற்றுவது பெரிய வேலை இல்லை. ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு ஃபீலர் கேஜ், ஒரு மல்டிமீட்டர் இருந்தால் வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம். எதை மாற்றுவது, எந்த வரிசையில் மாற்றுவது, கழற்றியதை என்ன செய்வது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

எம்ஜிபி என்பது என்ன கார்?

2019 முதல் நம்ம ஊர் ரோடுகளில் ஓடும் எம்ஜி ஹெக்டரைப் பார்த்திருப்பீர்கள். அதே எட்டுக்கோண லோகோதான். ஆனால் இது இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். மேல்கூரையைத் திறந்துவிடும் ரோட்ஸ்டர், மூடிய கூரை கொண்ட ஜிடி என இரண்டு வகை. இரண்டும் சேர்த்து 5 லட்சத்துக்கும் மேல் விற்றன. அதில் பெரும் பகுதி அமெரிக்காவுக்குப் போனது.

அதன் 1,798 சிசி, நான்கு சிலிண்டர் இன்ஜினுக்கு 'பி-சீரிஸ்' என்று பெயர். நம்ம அம்பாசிடரில் பல ஆண்டுகள் இருந்த 1,489 சிசி பெட்ரோல் இன்ஜினும் இதே பி-சீரிஸ் குடும்பம்தான். அதனால் பழைய அம்பாசிடரைப் பிரித்து மேய்ந்த மெக்கானிக் ஒருவர் எம்ஜிபி பானெட்டைத் திறந்தால், தெரிந்தவர் வீட்டுக்குள் போன மாதிரி இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டரில் 'லூகாஸ்' என்று எழுதியிருக்கும். சென்னை பாடியில் 1961-ல் தொடங்கப்பட்ட லூகாஸ் டிவிஎஸ் நிறுவனத்தின் பெயரில் இருப்பதும் அதே லூகாஸ்தான்.

ஒரு நிமிடத்துக்கு 6,000 பொறி!

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். பிளக் முனையில் பெட்ரோல் கலவையைக் கொளுத்தும் பொறி வர பல ஆயிரம் வோல்ட் தேவை. இந்த வித்தையைச் செய்வது காயில். அதற்குள் இரண்டு சுற்றுக் கம்பி இருக்கிறது. முதல் சுற்றில் 12 வோல்ட் கரண்ட் பாயும்போது காந்தப்புலம் உருவாகும். அந்தக் கரண்ட்டை சட்டென்று துண்டித்தால் காந்தப்புலம் சரிந்து, இரண்டாவது சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழும்.

துண்டிக்கும் சுவிட்ச்தான் சிபி பாயின்ட். பழைய புல்லட் வைத்திருந்தவர்களுக்கு இதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் நடுவே சுழலும் தண்டில் நான்கு மூலை கொண்ட கேம் இருக்கும். ஒவ்வொரு மூலையும் பாயின்ட்டை ஒருமுறை திறக்கும். திறக்கும் நொடியில் அந்த இடைவெளியிலேயே கரண்ட் தாவி பாயின்ட்டைக் கருக்கிவிடாமல் பார்த்துக்கொள்வது கண்டன்சர். காயிலில் இருந்து வரும் உயர் வோல்ட்டேஜை எந்த பிளக்குக்கு அனுப்புவது என்று திசை காட்டுவது ரோட்டார். அதற்கு மேலே மூடி, மூடியிலிருந்து தடித்த வயர்கள், வயர் முனையில் பிளக். அவ்வளவுதான் மொத்த சிஸ்டமும்.

இன்ஜின் 3,000 ஆர்பிஎம்மில் ஓடினால் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு அதில் பாதி, 1,500 முறை சுற்றும். ஒரு சுற்றுக்கு நான்கு பொறி. அதாவது நிமிடத்துக்கு 6,000, விநாடிக்கு 100. ஒரு மணி நேரப் பயணத்தில் அந்தச் சின்ன பாயின்ட் 3 லட்சத்து 60 ஆயிரம் முறை திறந்து மூடுகிறது. தேயாமல் என்ன செய்யும்?

பெட்ரோலா, இக்னிஷனா? ஆர்பிஎம் முள்ளைப் பாருங்க

ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் கண்டுபிடிக்க வேண்டியது இதுதான். கார்புரேட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு எஸ்யூ கார்புரேட்டரையும் பிரித்து, பணம் செலவழித்து, கடைசியில் பார்த்தால் கோளாறு ஒரு சின்ன கண்டன்சரில் இருந்தது என்பது அடிக்கடி நடக்கிற விஷயம்.

பெட்ரோல் வராமல் நின்றால் இன்ஜின் கொஞ்சம் கொஞ்சமாக இழுவை இழக்கும், திணறும், இருமும், பிறகு நிற்கும். இக்னிஷன் போனால் பெரும்பாலும் பட்டென்று நிற்கும். ஓடும்போது இன்ஜின் செத்து, கியரில் கார் இன்னும் உருண்டுகொண்டிருக்கும்போதே ஆர்பிஎம் முள் பட்டென்று பூஜ்ஜியத்துக்கு விழுந்தால் சந்தேகம் காயிலின் 12 வோல்ட் பக்கம்: பாயின்ட், அதற்குப் போகும் வயர், இக்னிஷன் சுவிட்ச். ஆர்பிஎம் மீட்டர் அந்தப் பக்கத்து சிக்னலை வைத்துத்தான் ஓடுகிறது. முள் விழாமல் காரின் வேகத்தோடு சேர்ந்து இறங்கினால், 12 வோல்ட் பக்கம் ஒழுங்காக இருக்கிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். அப்போது ரோட்டார், மூடி, நடு வயர் அல்லது பெட்ரோல் பக்கம் பார்க்க வேண்டும்.

இன்னொரு அறிகுறி, சூடு. காலையில் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகும். 20 நிமிடம் நன்றாக ஓடும். பிறகு மிஸ்ஸிங் அடித்து நிற்கும். ஓரமாக நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். இப்படி இருந்தால் கண்டன்சரும் காயிலும்தான் முதல் குற்றவாளிகள்.

பேட்டரி பானெட்டுக்குள் இருக்காது!

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரி எர்த்தைக் கழற்ற வேண்டும். எம்ஜிபி-யில் பானெட்டைத் திறந்து பேட்டரியைத் தேடினால் கிடைக்காது. சீட்டுகளுக்குப் பின்னால், தரையில் ஒரு பலகைக்குக் கீழே இருக்கும். 1974 வரை வந்த கார்களில் அங்கே இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். ஒன்றில் எர்த்தைக் கழற்றினால் போதும்.

அப்படியே இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். 1967 வரை வந்த எம்ஜிபி-களில் பாடியோடு இணைந்திருப்பது பேட்டரியின் பாசிட்டிவ் முனை. இப்போதைய கார்களுக்கு நேர் எதிர். அதற்குப் பிறகு வந்தவை நெகட்டிவ் எர்த். இத்தனை வருடத்தில் யாராவது ஒருவர் பழைய காரை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியிருக்கலாம். ஆகவே தயாரான ஆண்டை நம்பாமல், பேட்டரியில் இருந்து பாடிக்குப் போகும் கேபிள் எந்த முனையில் இருக்கிறது என்று கண்ணால் பார்ப்பதே சரி.

இன்ஜின் ஓடும்போது காயில், வயர் பக்கம் கை வைத்தால் அடிக்கும் ஷாக் லேசானது இல்லை. இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வேலைக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது.

பிளக்: சீக்கிரம் முடியும் வேலை

பிளக் மாற்றுவதில் பெரிய சூட்சுமம் இல்லை. என்ஜிகே பிபி6இஎஸ் அல்லது சாம்பியன் என்9ஒய் வகை இந்த இன்ஜினுக்குப் பொருந்தும். இடைவெளி 0.025 அங்குலம், அதாவது 0.6 மி.மீ-க்கு சற்று மேல். டப்பாவில் இருந்து எடுத்ததை அப்படியே போடாமல் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். முதல் சில சுற்று கையாலேயே திருக வேண்டும். ஸ்பேனரில் தொடங்கி மரை குறுக்கே ஏறிவிட்டால், சில நூறு ரூபாய் வேலை சிலிண்டர் ஹெட் வேலையாகிவிடும்.

கழற்றிய பிளக்குகளை 1, 2, 3, 4 என்று வரிசையாக வைத்துப் பாருங்க. முனை இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. கறுப்பு மசி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது பொறி பலவீனம். எண்ணெய் ஈரம் என்றால் கோளாறு இன்ஜினுக்குள்.

சிபி பாயின்ட்: முடி அளவு விஷயம்

இங்கேதான் பொறுமை வேண்டும். பாயின்ட் முழுதாகத் திறந்திருக்கும்போது இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், அதாவது 0.35 முதல் 0.40 மி.மீ இருக்க வேண்டும். முழுதாகத் திறக்க வேண்டும் என்றால் கேமின் மூலை சரியாகப் பாயின்ட்டின் குதியில் வந்து நிற்க வேண்டும். அதற்கு சுலபமான வழி, சமதரையில் காரை நான்காவது கியரில் போட்டு மெதுவாக முன்னே தள்ளுவது. பிளக்குகளைக் கழற்றி வைத்திருந்தால் இன்ஜின் லேசாகச் சுற்றும்.

பழைய பாயின்ட்டில் ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் பள்ளமுமாக உலோகம் இடம் மாறியிருக்கும். அதற்கிடையே ஃபீலர் கேஜை விட்டால் தப்பான அளவுதான் காட்டும், ஏனென்றால் தகடு மேட்டில் தட்டி நிற்கும், பள்ளத்தை அளக்காது. இப்படி இருந்தால் தேய்த்து ஒட்டுப்போடுவதைவிட மாற்றுவது நல்லது. சீக்கிரமே இப்படி ஆகிறது என்றால் கண்டன்சர் மீதும் ஒரு கண் வைக்க வேண்டும்.

புது பாயின்ட்டில் துருப் பிடிக்காமல் இருக்க ஒரு எண்ணெய்ப் படலம் பூசி அனுப்புவார்கள். அதைத் துடைக்காமல் போட்டால் சில சமயம் பொறியே வராது. சுத்தமான துணியில் கொஞ்சம் பெட்ரோலோ தின்னரோ தொட்டுத் துடைத்துவிட்டுப் போடணும்.

எம்ஜிபி-யின் முதல் கால டிஸ்ட்ரிபியூட்டரான 25டி4-ல் பலர் சிக்கும் இடம் இன்னொன்று. பாயின்ட் ஸ்பிரிங்கைத் தாங்கும் சின்னக் கம்பத்தில் இரண்டு வயர் வந்து சேரும். ஒன்று காயிலில் இருந்து, ஒன்று கண்டன்சரில் இருந்து. இரண்டின் முனையும் ஸ்பிரிங்கைத் தொட வேண்டும், கம்பத்தைத் தொடக் கூடாது. நடுவில் தொப்பி மாதிரி ஒரு பிளாஸ்டிக் புஷ் இருப்பது அதற்காகத்தான். வரிசை மாறி முனை கம்பத்தில் பட்டால், கரண்ட் நிரந்தரமாக எர்த் ஆகிவிடும். பாயின்ட் திறந்தாலும் துண்டிக்காது, பொறி வராது. கழற்றும் முன் மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் இந்தத் தலைவலியே இல்லை.

அதே இடத்தில் இன்னொரு மெல்லிய வயரும் இருக்கும். பாயின்ட் உட்காரும் தட்டையும் டிஸ்ட்ரிபியூட்டர் உடலையும் இணைக்கும் எர்த் வயர். ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போதெல்லாம் அந்தத் தட்டு கொஞ்சம் நகரும் என்பதால், வருடக்கணக்கில் மடங்கி மடங்கி உள்ளேயே அறுந்துபோகும். வெளியே பார்த்தால் நன்றாகவே தெரியும். சும்மா நிற்கும்போது ஓடி, மிதித்தால் மிஸ்ஸிங் அடிக்கும் காரில் பார்க்க வேண்டிய வயர் இது.

கேம் மேல் மெல்லிசாக கிரீஸ், ரோட்டாருக்கு அடியில் உள்ள ஸ்க்ரூ மேல் இரண்டு சொட்டு ஆயில். பாயின்ட் மேல் ஒரு துளியும் படக் கூடாது. முதல் சில நூறு மைலில் புதுக் குதி கேமோடு பழகித் தேயும். அதனால் இடைவெளியை மறுபடி ஒருமுறை சரி பார்க்க வேண்டும். இதை யாரும் செய்வதில்லை என்பது வேறு விஷயம்.

புதுசு எல்லாம் நல்லதா? கண்டன்சர், ரோட்டார் கதை

இந்தக் கட்டுரையின் முதல் பத்தியில் நின்றுபோன காருக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

எம்ஜிபி உற்பத்தி நின்று 40 ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. கார் தயாரான காலத்தில் வந்த பாகங்கள் வேறு, இன்று கடையில் கிடைக்கும் மாற்றுப் பாகங்கள் வேறு. நல்லதும் கிடைக்கிறது, மோசமானதும் கிடைக்கிறது. டப்பாவில் பழைய பிராண்ட் பெயர் இருப்பதால் மட்டும் உள்ளே இருப்பது பழைய தரம் என்று சொல்லிவிட முடியாது. பழைய கார் வட்டாரங்களில் அதிகம் திட்டு வாங்கும் இரண்டு பாகங்கள் கண்டன்சரும் ரோட்டாரும்.

கண்டன்சரின் கொள்ளளவு சுமார் 0.2 மைக்ரோஃபேரட். அந்த வசதி உள்ள மல்டிமீட்டரில் அளக்கலாம். ஆனால் குளிர்ந்திருக்கும்போது சரியான அளவு காட்டிவிட்டு, இன்ஜின் சூட்டில் பல்லிளிக்கும் கண்டன்சர் உண்டு. மீட்டர் அதைக் காட்டிக்கொடுக்காது. மூடியைக் கழற்றி, ஒருவர் இன்ஜினைச் சுற்றும்போது பாயின்ட்டைப் பார்த்தால், பளீரென்று பெரிய நீல நிறப் பொறி அங்கேயே பறந்தால் கண்டன்சர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். உறுதி செய்ய ஒரே வழி, நன்றாக வேலை செய்யும் இன்னொரு கண்டன்சரைப் போட்டு ஓட்டிப் பார்ப்பது. அதனால்தான் கழற்றிய பழைய கண்டன்சரைக் குப்பையில் போடக் கூடாது. 20 வருடம் ஓடி நிரூபித்த பார்ட் அது.

ரோட்டார் விஷயம் இன்னும் விசித்திரம். மேலே உள்ள பித்தளைத் தகட்டை பிளாஸ்டிக்கோடு சேர்த்துப் பிடிக்க நடுவில் ஒரு ரிவெட் அடித்த ரோட்டார்கள் பரவலாக விற்கப்பட்டன. அந்த ரிவெட்டின் அடி முனைக்கும் கீழே உள்ள உலோகத் தண்டுக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக்தான் காவல். பல ஆயிரம் வோல்ட் அதைத் துளைத்துக்கொண்டு தண்டு வழியாக எர்த்துக்குப் போய்விட்டால் எந்த பிளக்குக்கும் பொறி போகாது. ரோட்டாரைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு கீறல்கூட தெரியாது. கார் மட்டும் நடு மோட்டார்வேயில், பக்கத்தில் லாரிகள் பறக்க, ஓரமாக நிற்கும்.

இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. ரோட்டார் தண்டில் இருக்க, மூடியை மட்டும் கழற்ற வேண்டும். காயிலில் இருந்து வரும் நடு வயரின் முனையை, நன்றாக இன்சுலேட் செய்த இடுக்கியால் பிடித்து, ரோட்டாரின் பித்தளைக்கு மேலே சில மி.மீ உயரத்தில் வைத்து, இன்னொருவரை இன்ஜினைச் சுற்றச் சொல்ல வேண்டும். நல்ல ரோட்டார் என்றால் கரண்ட் போக வழியில்லை, பொறி தாவாது. பொறி விடாமல் தாவினால், அது எங்கோ எர்த் ஆகிறது. ரோட்டார் அவுட். அந்த நேரத்தில் பக்கத்தில் பெட்ரோல் கசிவு எதுவும் இருக்கக் கூடாது என்று சொல்லவே வேண்டாம்.

இந்தப் பிரச்னைக்குப் பிறகு ரிவெட் இல்லாத வடிவில், சிவப்பு நிறத்தில் ரோட்டார்கள் வந்தன. பலரும் இப்போது அதைத்தான் தேடி வாங்குகிறார்கள். வாங்கும்போது நிறத்தைப் பார்த்து ஏமாறாமல், ரிவெட் இருக்கிறதா என்று பார்ப்பதே முக்கியம்.

இதனால்தான் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம் என்கிறார்கள் அனுபவசாலிகள். ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், பிறகு அடுத்தது. இப்படிப் போனால், கார் நின்றால் கடைசியாக எதைத் தொட்டோம் என்பது தெரியும். ஆறையும் சேர்த்து மாற்றியவருக்கு ஆறு சந்தேகம்.

மூடியும் வயர்களும்

மூடியின் உட்புறத்தை நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று பித்தளை முனைகளுக்கு இடையே ஓடினால் அது அழுக்கு இல்லை, உயர் வோல்ட்டேஜ் ஓடிப் போட்ட கார்பன் தடம். துடைத்தால் போகாது. நடுவில் ஸ்பிரிங் வைத்த கார்பன் குச்சி விரலால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும்.

வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அதே இடத்தில் புதுசை மாட்டிவிட்டு அடுத்ததுக்குப் போவதே பாதுகாப்பு. நான்கையும் பிடுங்கிவிட்டால் ஃபயரிங் ஆர்டர் தெரிந்திருக்க வேண்டும். ரேடியேட்டர் பக்கம் இருப்பது 1. வரிசை 1-3-4-2. ரோட்டார் சுற்றுவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. இதை மறந்து கடிகாரத் திசையில் மாட்டுபவர்கள் உண்டு. அப்போது 1-ம் 4-ம் சரியான இடத்தில்தான் இருக்கும், 2-ம் 3-ம் மட்டும் இடம் மாறிவிடும். இரண்டு சிலிண்டரில் ஸ்டார்ட் ஆவது போல ஆகி, இன்ஜின் குலுங்கி, கார்புரேட்டர் வழியாகத் துப்பும். டைமிங் தப்பு என்று நினைத்து டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பித் திருப்பி நொந்துபோவார்கள்.

சில பழைய மூடிகளில் வயர் பக்கவாட்டில் நுழையும், உள்ளே ஒரு கூர்மையான ஸ்க்ரூ வயரைக் குத்திப் பிடிக்கும். இதற்கு உள்ளே செம்புக் கம்பி உள்ள வயர்தான் சரி. ரேடியோ இரைச்சலைக் குறைக்க வந்த கார்பன் நூல் வயரை இதில் போட்டால், ஸ்க்ரூ குத்திய இடத்தில் பிடிப்பு ஒழுங்காக இருக்காது. கசிவு இருக்கிறதா என்று பார்க்க, ராத்திரி விளக்கில்லாத இடத்தில் இன்ஜினை ஓடவிட்டு பானெட்டைத் திறந்தால் போதும். வயர் கெட்டிருந்தால் உள்ளே தீபாவளி தெரியும்.

காயில்: 3 ஓமா, 1.5 ஓமா?

காயில் வெளியே பார்க்க எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். 1974 இறுதி வரையிலான குரோம் பம்பர் எம்ஜிபி-களில் முழு 12 வோல்ட்டில் வேலை செய்யும், சுமார் 3 ஓம் ரெசிஸ்டன்ஸ் கொண்ட காயில். அதற்குப் பிறகு வந்த கறுப்பு ரப்பர் பம்பர் கார்களில் வயரிங்குக்குள்ளேயே ஒரு ரெசிஸ்டன்ஸ் வயர் ஒளிந்திருக்கும். அங்கே இருப்பது சுமார் 1.5 ஓம் காயில். இன்ஜின் ஓடும்போது அதற்குக் கிடைப்பது பாதி வோல்ட்டேஜ், ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் முழு பேட்டரி வோல்ட்டேஜ். குளிரில் சுலபமாக ஸ்டார்ட் ஆவதற்காகச் செய்த ஏற்பாடு.

மாற்றிப் போட்டால்? குரோம் பம்பர் காரில் 1.5 ஓம் காயில் போட்டால் இரண்டு மடங்கு கரண்ட் பாய்ந்து காயில் கொதிக்கும், பாயின்ட் கருகும். ரப்பர் பம்பர் காரில் 3 ஓம் போட்டால் பொறி சோகையாகிவிடும். வாங்கும் முன் மல்டிமீட்டரில் இரண்டு சின்ன முனைகளுக்கு இடையே அளந்து பார்ப்பது ஒரு நிமிட வேலை.

முனைகளில் + - குறி இருந்தால், நெகட்டிவ் எர்த் காரில் - முனை டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போக வேண்டும். பாசிட்டிவ் எர்த் காரில் + முனை. பழைய காயில்களில் எஸ்டபிள்யூ, சிபி என்று இருக்கும். முதலாவது சுவிட்ச்சுக்கு, இரண்டாவது பாயின்ட்டுக்கு. மாறினாலும் கார் ஓடும், ஆனால் பொறி உண்டாக அதிக வோல்ட்டேஜ் தேவைப்படும். வயர் நிறமும் உதவும்: வெள்ளை சுவிட்ச்சில் இருந்து வருவது, வெள்ளையில் கறுப்புக் கோடு போட்டது டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போவது.

இன்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் ஆன் நிலையில் விட்டுவிடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுவது நல்லது. பாயின்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் 3 ஓம் காயில் வழியாக 4 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். பாட்டு கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால், உள்ளே காயில் வெந்துகொண்டிருக்கும்.

டைமிங் கடைசியில்தான்

பாயின்ட் இடைவெளி மாறினாலே டைமிங் மாறிவிடும். குதி தேய்ந்து இடைவெளி குறைந்தால் பொறி தாமதமாக வரும், கூடினால் முன்னதாக வரும். ஆகவே முதலில் இடைவெளி, அதன் பிறகுதான் டைமிங். வரிசை மாறினால் இரண்டு முறை வேலை.

எத்தனை டிகிரி என்பது இன்ஜின் நம்பரைப் பொறுத்தது. ஆரம்பகால ஹை கம்ப்ரஷன் இன்ஜின்களுக்கு, இன்ஜின் நின்ற நிலையில் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 10 டிகிரி முன்னால். அமெரிக்காவின் புகை விதிகளுக்காக மாற்றிய இன்ஜின்களுக்கு வேறு அளவு. மேனுவலைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

இன்ஜின் ஓடாமலேயே பார்க்க ஒரு டெஸ்ட் லேம்ப் போதும். காயிலில் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்து முனைக்கும் எர்த்துக்கும் இடையே மாட்டி, இக்னிஷனை ஆன் செய்தால், பாயின்ட் திறக்கும் நொடியில் லேம்ப் எரியும். முன்பக்கக் கப்பியின் குறி சரியான டிகிரியில் நிற்கும்போது லேம்ப் எரிய வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் உடலைக் கடிகாரத் திசையில் திருப்பினால் பொறி முன்னால் வரும், எதிர்த்திசையில் தள்ளிப்போகும். ஸ்ட்ரோப் லைட் வைத்துப் பார்ப்பவர்கள் வேக்கம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். கழற்றிய அந்தக் குழாயை வாயால் உறிஞ்சினால் உள்ளே தட்டு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். காற்று தாராளமாக வந்தால் உள்ளே ஜவ்வு கிழிந்திருக்கிறது.

டிஸ்ட்ரிபியூட்டரையே வெளியே எடுக்க வேண்டி வந்தால், உடலை இறுக்கிப் பிடிக்கும் பின்ச் போல்ட்டைத் தொடாமல், அந்தத் தகட்டை இன்ஜினோடு பிடிக்கும் இரண்டு ஸ்க்ரூவை மட்டும் கழற்றினால் டைமிங் கலையாது. அடிமுனை நடுவில் இல்லாமல் சற்று தள்ளி இருப்பதால் தலைகீழாக மாட்டவும் முடியாது.

எலக்ட்ரானிக் கிட் போடலாமா?

பாயின்ட்டையும் கண்டன்சரையும் தூக்கிவிட்டு, அதே இடத்தில் காந்த வளையமும் சின்ன மாட்யூலும் பொருத்தும் கிட்கள் நிறைய உண்டு. பெர்ட்ரானிக்ஸ் அப்படி ஒன்று. லூமெனிஷன் கிட்டில் காந்தத்துக்குப் பதில் ஒளிக்கற்றை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே முழுதாக அடங்கும் கிட் என்றால் வெளியே பார்த்தால் பெரிய மாற்றம் தெரியாது.

தினமும் ஓட்டுபவருக்கு இது நல்ல தேர்வு. தேய்வது இல்லை, இடைவெளி வைக்க வேண்டாம், டைமிங் நிலையாக நிற்கும். தண்டு கொஞ்சம் ஆடும் பழைய டிஸ்ட்ரிபியூட்டரிலும் சமாளிக்கும். ஆனால் சில நிபந்தனைகள் உண்டு. பாசிட்டிவ் எர்த் காருக்குத் தனி மாட்யூல். மாற்றிப் போட்டால் அந்த நொடியே போய்விடும். காயில் ஓம் கிட் தயாரிப்பாளர் சொன்ன அளவில் இருக்க வேண்டும். ரப்பர் பம்பர் காரில் ரெசிஸ்டன்ஸ் வயரில் இருந்து மாட்யூலுக்கு கரண்ட் எடுத்தால் அதற்கு வோல்ட்டேஜ் பற்றாது. செம்புக் கம்பி வயரின் இரைச்சல் சில மாட்யூல்களைக் குழப்பும் என்பதால் கார்பன் வகை வயர் கேட்பார்கள். ரோட்டாரும் மூடியும் பழையபடியே இருப்பதால், ரிவெட் பிரச்னை எலக்ட்ரானிக் ஆனாலும் போகாது.

பாயின்ட் கெடும்போது முன்கூட்டியே சொல்லும். இழுவை குறையும், ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். ரோட்டோரத்தில் ஒரு அட்டைத் துண்டை அளவாக வைத்துக்கூட இடைவெளியைச் சரிசெய்து வீடு வந்து சேரலாம். மாட்யூல் போனால் போனதுதான், அதை ரிப்பேர் செய்ய ரோட்டோரத்தில் வழி கிடையாது. எனவே கிட் போட்டவர்களில் விவரமானவர்கள், கழற்றிய பாயின்ட் தட்டை கண்டன்சரோடு அப்படியே ஒரு டப்பாவில் போட்டு டிக்கியில் வைத்துக்கொள்கிறார்கள். கூடவே ஓடிப் பார்த்த ஒரு ரோட்டார், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு ஃபீலர் கேஜ். மாட்யூலை எடுத்துவிட்டு அந்தத் தட்டைத் திரும்ப மாட்ட இரண்டு ஸ்க்ரூவும் ஒரு வயரும்தான். ஏற்கெனவே ஒருமுறை வீட்டு வாசலில் செய்து பார்த்தவருக்கு, மழையில் ரோட்டோரத்தில் அரை மணி நேரம் பிடிக்கும்.